தின்னனூர் என்றால் குவார்ட்டர் கிடையாது

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பால்ராஜ் எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "போதும் பால்ராஜ்" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர், வெற்றிலைக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர் என்று ஆளாளுக்கு வழி காட்டுவார்கள். அதிலும் பாதிப் பேர் திட்டிக்கொண்டே காட்டுவார்கள். ஒரு காலத்தில் அவன் வாயிலிருந்து "போதும் அண்ணாச்சி" என்ற வார்த்தையைக் கேட்டு, தொண்டை நனையாமல் வீடு திரும்பியவர்கள் அவர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பால்ராஜுக்குச் சொந்த ஊர் தெற்கே நாசரேத். ஆவடியில் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்துவிடலாம் என்று பெட்டியோடு ரயிலேறி வந்தவன், எந்த கேட்டும் திறக்காமல் போக, கடைசியில் பரந்தாமனின் ஒயின் ஷாப்பில் வந்து சேர்ந்தான். பரந்தாமன் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு ஏலத்தில் லைசென்ஸ் எடுத்து, முன்னால் கடையும் பின்னால் பாருமாக நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பாருக்கு மேனேஜர்தான் நம் பால்ராஜ். வேடிக்கை என்னவென்றால், பயல் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கோயில், மாலை ஆவடி பஸ் நிலையத்துப் பக்கத்து எஸ்டிடி பூத்தில் அம்மாவுக்கு ஒரு போன். அவன் வாழ்க்கை அவ்வளவுதான்.

அந்த பூத்தில்தான் ஜெயசீலி இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பால்ராஜ், "ஓட்டல்லதாம்மா வேல, நல்லா சாப்பிடுதேன்" என்று அம்மாவிடம் அளந்துவிட்டு வெளியே வருவான். வெளியே ஜெயசீலி மீட்டரைப் பார்த்தபடி, "எந்த ஓட்டலு?" என்பாள். முதல் வாரம் சிரித்து மழுப்பினான். இரண்டாவது வாரமும் மழுப்பினான். அப்புறம் நாசரேத்துக்குப் போன் போவது ஞாயிற்றுக்கிழமையோடு நிற்காமல், செவ்வாய், வியாழன் என்று பெருகியது. அவன் அம்மாவே, "ஏல, காச ஏம்ல கரைக்க?" என்று சலித்துக்கொண்டாள். மகன் போன் செய்வது தனக்காக இல்லை என்று அந்தத் தாய்க்கு எங்கே தெரியும்!

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டான். ஜெயசீலி முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு கோடு கிழித்தாள்.

"எங்க அப்பாவுக்கு பிராந்தின்ற வார்த்தையே ஆவாது. சர்ச் கமிட்டில கீறாரு. நீங்க அவராண்ட வந்து கேக்கணும். கேக்கும்போது இந்த ஓட்டல் கதையெல்லாம் வேணாம். பொய் சொல்லி என்னக் கட்டிக்க முடியாது, சொல்ட்டேன்."

"உண்மையச் சொன்னா அடிச்சி வெரட்டிருவாரே!"

"அது உங்க பாடு."

பால்ராஜ் ஆடிப்போனான். உண்மையைச் சொன்னால் அப்பா தரமாட்டார், பொய் சொன்னால் மகள் வரமாட்டாள். ஆனால் ஜெயசீலி இல்லாத ஒரு வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அவ்வளவு ஆசை அவனுக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் தங்கவேல் வந்து சேர்ந்தார்.

தங்கவேல் நல்ல கொத்தனார், நல்ல மனுஷர். அன்று ஏற்கெனவே எங்கேயோ ஊற்றிக்கொண்டு வந்தவருக்கு, பாரில் ஒரு சப்ளையர் மேலும் மேலும் ஊற்றிவிட்டான். அவர் நேராகப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் போய், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ரைட் குடுய்யா, ரைட் குடு!" என்று கத்தினார். ஊரே கூடிவிட்டது. பஸ் நகரவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "எங்கே குடித்தாய்" என்று கேட்டதும் தங்கவேல் கடைப் பெயரை விலாசத்தோடு சொல்லிவிட்டார்.

மறுநாளே எக்ஸைஸ் அதிகாரி வந்துவிட்டார். பரந்தாமன் நாற்காலி போட்டார், சோடா உடைத்தார். அதிகாரி இரண்டையும் தொடவில்லை.

"இருபத்தோரு வயசு ஆகாதவனுக்கு ஊத்தக்கூடாது. யூனிபார்ம்ல வர்ற போலீசுக்கு ஊத்தக்கூடாது. ஏற்கெனவே போதையில இருக்கிறவனுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தக்கூடாது. கையெழுத்துப் போட்டுத்தானே லைசென்ஸ் வாங்கினீங்க? இன்னொரு தடவை இந்த மாதிரி நடந்துச்சுன்னா கடையைப் பூட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அவர் ஜீப் கிளம்பிய மறுநிமிஷம் பரந்தாமன் பால்ராஜின் தோளைப் பிடித்தார். "பாலு, வயசுப் பசங்கள நான் பாத்துக்கறேன். போலீசக் கும்பிட்டு அனுப்பிடலாம். இந்தப் போதைக் கேசு மட்டும் உன் பொறுப்பு. ஊத்துறதுக்கு முன்னாடி ஆளு தெளிவா கீறானான்னு பாத்து ஊத்து. லைசென்ஸ் போச்சுன்னா நானும் தெருவுல, நீயும் தெருவுல."

வேலையும் போய்விட்டால் எந்த முகத்தோடு பெண் கேட்பது? பால்ராஜ் தலையைப் பிய்த்துக்கொண்டான். ஆள் தெளிவாக இருக்கிறானா என்று எப்படித்தான் பார்ப்பது? ஊதச் சொல்லி மோந்து பார்க்கலாம் என்றால் அந்த இடமே பிராந்தி நெடி. நேர்கோட்டில் நடக்கச் சொல்லலாம் என்றால், மேஜைகளுக்கு நடுவே தெளிந்தவனே இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது. மனை விற்கிறவர்கள் யாரோ பெரிய பெரிய நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: "திருநின்றவூரில் வீட்டு மனைகள். உடனே வாங்குவீர்!"

பால்ராஜ் துள்ளி எழுந்தான். திருநின்றவூர்! இதைவிட நல்ல சோதனை உண்டா? கண்ணும் தெளிவாக இருக்க வேண்டும், நாக்கும் புரள வேண்டும். நாசரேத்தில் ஞாயிறுப் பள்ளியில் வேதவசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் அவன். எழுத்து ஒன்றைக்கூட விழுங்க மாட்டான். எல்லாரும் பூனமல்லி என்று சொல்லும்போது அவன் மட்டும் கண்டக்டரிடம் அழுத்தந்திருத்தமாக "பூந்தமல்லி ஒண்ணு" என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறவன். சிரிக்கிற கண்டக்டரைப் பார்த்து, பாவம், தமிழ் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வான்!

அன்று மாலையே சோதனை தொடங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளாடி வருகிறவர், கண் சிவந்து வருகிறவர், சத்தமாகச் சிரித்தபடி வருகிறவர், எல்லாரையும் நிறுத்தினான்.

"அண்ணாச்சி, எதுத்த சுவத்துல மொதல்ல என்ன ஊரு எழுதிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

வந்தவர் திரும்பிப் பார்ப்பார். "தின்னனூரு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதான்யா சொன்னேன், தின்னனூரு!"

"போதும் அண்ணாச்சி. ஏற்கெனவே நெறய ஆயிட்டு. வீட்டுக்குப் போங்க."

வந்தவர்கள் கத்தினார்கள். "யோவ், இன்னும் மூடியே தொறக்கலயேய்யா, இன்னாத்த நெறய ஆச்சு?" என்று மேஜையைத் தட்டினார்கள். குடித்தவன் எவன்தான் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்? பால்ராஜ் அசையவில்லை. அவனுக்கு மனசுக்குள் ஆச்சரியம் வேறு. இத்தனை பேர் சாயங்காலமே ஏற்றிக்கொண்டு வருகிறார்களே! அதுவும் சொல்லிவைத்த மாதிரி எல்லார் நாக்கும் ஒரே இடத்தில் தடுக்குகிறதே, பிராந்தியின் வேலை இப்படித்தான் போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கும் வந்துவிட்டான்.

வியாபாரம் விழுந்தது. பரந்தாமன் வந்து கேட்டார். "வர்றவங்க எல்லாம் போதையோடயே வாராங்க முதலாளி, நான் என்ன செய்ய?" என்றான் பால்ராஜ். என்ன சோதனை வைக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ கள்ளச்சாராயம் விற்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முட்டுச்சந்து முட்டுச்சந்தாகத் தேடி அலைந்தார். இல்லாத சாராயத்தை எங்கே போய்ப் பிடிப்பது!

அப்படி ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் குடை, விந்தி விந்தி நடந்து ஒரு பெரியவர் வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மூலை மேஜையில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு குவார்ட்டர் தம்பி, சீக்கிரம்" என்றார் குரலைத் தாழ்த்தி.

நடை சரியில்லை. பால்ராஜ் சுவரைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"தின்னனூர்."

"போதும் ஐயா."

"இன்னாது, போதுமா? காலாணிப்பா, அதான் நடக்க முடில. நான் இன்னும் வாயில வெக்கலயே!"

"ஊர்ப் பேரே வரலியே ஐயா."

"யோவ், அது நான் பொறந்து வளந்த ஊருய்யா!" என்று பெரியவர் குடையைத் தரையில் குத்தினார்.

சொந்த ஊரின் பெயரே மறந்துபோகிற அளவுக்கா? பால்ராஜுக்கு நெஞ்சு உருகிவிட்டது. நம் அப்பா வயசு, வழியில் விழுந்து வைத்தால் என்ன ஆவது? பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, தெரிந்த ஆட்டோக்காரர் லோகநாதனைக் கூப்பிட்டு, "ஐயா பார்லருந்து வாராரு. கொஞ்சம் ஜாஸ்தியாயிட்டு. பத்திரமா வீட்டுல எறக்கிவிட்டு, மோர் குடுக்கச் சொல்லிருங்க" என்றான். பெரியவர் திமிறினார். "எங்க சார் போணும்?" என்றார் லோகநாதன். "தின்னனூர்யா! தின்னனூர்!" என்று பெரியவர் அலறினார். லோகநாதன் உடனே தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். குடித்தவர் பேச்சு ஆட்டோக்காரருக்கு மட்டும் எப்படிப் புரிகிறது என்று பால்ராஜ் வியந்தபடி உள்ளே போனான்.

அடுத்த வாரம் பூத்தில் ஜெயசீலி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. அம்மாவாண்ட சொல்லி வெச்சுட்டேன். ஆவடில ரயில் ஏறி தின்னனூர்ல எறங்கணும்."

அவள் ரயிலில் வந்து போகிறாள் என்று தெரியுமே தவிர, எந்த ஊர் என்று அவன் கேட்டதில்லை.

"எந்த ஊர்ல எறங்கணும்?"

"தின்னனூர்ல."

ஐயோ, ஜெயசீலியுமா! பட்டப்பகலிலா! அவன் மெல்லக் கிட்டே வந்து, மூக்கை லேசாக உறிஞ்சிப் பார்த்து, "ஜெயா... நீ ஏதும்... சாப்பிட்டிருக்கியா?" என்றான்.

"தயிர்சாதம் சாப்ட்டேன். ஏன்?"

"ஊர்ப் பேர இன்னொரு தடவ சொல்லேன்."

"காது கேக்கலயா? தின்னனூர்! போர்டுல திருநின்றவூர்னு எழுதிருக்கும். அத யாரு அப்டி இஸ்த்து இஸ்த்து சொல்லிகினு இருப்பாங்க? கொழந்தைலேர்ந்து எங்க எல்லாருக்கும் தின்னனூர்தான்."

பால்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு அனுப்பிய முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெயின்டர், லாரி கிளீனர், மீன்காரர், ஒருவர்கூடக் குடித்திருக்கவில்லை. குடையைக் குத்திய அந்தக் காலாணிப் பெரியவர் தெள்ளத்தெளிவாக இருந்திருக்கிறார்! விஷயத்தைச் சொன்னதும் ஜெயசீலி சிரித்த சிரிப்பில், உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கடைக்குப் போய்ச் சொன்னபோது பரந்தாமன் சிரிக்கவில்லை. "யோவ், எங்க அம்மா பொறந்த ஊடே தின்னனூர்தான்யா! ஒரு வார்த்த என்னக் கேட்டியா? ஸ்கூட்டர்ல சந்து சந்தா சுத்த வெச்சியே, படுபாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பால்ராஜ் திருநின்றவூரில் இறங்கினான். ஏரிப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு. ஜெயசீலியின் அம்மா ஞானகுமாரி வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்று, டீயும் முறுக்கும் வைத்தாள். "அவரு இப்ப வந்துருவாரு" என்றாள். உள்ளறைத் திரைச்சீலை விலகியது. விந்தி விந்தி ஒருவர் வந்தார்.

பால்ராஜின் கையில் இருந்த முறுக்கு தட்டில் விழுந்தது.

வந்தவர் அவனைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்மேன், சர்ச் கமிட்டி உறுப்பினர், ஜெயசீலியின் அப்பா கிறிஸ்துதாஸ். ஏழூர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது என்று கரையான்சாவடிக்கு வந்த அதே குடைப் பெரியவர்.

"அப்பா, இவர உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஜெயசீலி.

"நானா? இவரயா? எங்க பாத்திருக்கப் போறேன்!" என்றார் கிறிஸ்துதாஸ் அவசரமாக. மகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது அவள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள்.

ஞானகுமாரி கேட்டாள்: "எங்க வேல பாக்குறேப்பா?"

பால்ராஜ் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்துதாஸ் முந்திக்கொண்டார். "ஓட்டலு! ஓட்டல்ல மேனேஜரா இருப்பாரு. பாத்தாலே தெரில? அத இன்னாத்துக்குக் கேட்டுகினு, டீ குடு, டீ குடு!"

அடடா! எந்த மனுஷனுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டதோ, அவரே பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். ஒரு "ஆமா" சொன்னால் போதும். அப்பாவின் மானமும் பிழைக்கும், அவன் கல்யாணமும் நடக்கும். பால்ராஜ் தலையைத் தூக்கினான். ஜெயசீலி கதவோரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஓட்டல் இல்லம்மா. கரையான்சாவடி பிராந்திக் கடையில, பார் மேனேஜர். நான் குடிக்க மாட்டேன். ஆனா அதான் என் வேல."

கிறிஸ்துதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஞானகுமாரி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கரையான்சாவடியா? ரோட்டோரத்துலயா? எதுருல நீல எழுத்துல மனை வெளம்பரமா?"

"ஆமாம்மா."

"இவருக்கு ஊத்த மாட்டேன்னு சொல்லி, ஆட்டோ வெச்சு, மோர் குடுக்கச் சொல்லி அனுப்பின ஆளு..." என்று கணவரைப் பார்த்தபடி அவள் இழுத்தாள்.

பால்ராஜ் எழுந்து நின்றுவிட்டான். "நான்தாம்மா. ஆனா ஐயா அன்னைக்குக் குடிக்கவே இல்ல. சத்தியமா. தப்பு எம்மேலதான். ஊர்ப் பேரு தெரியாம..."

"கேட்டியா ஞானம்? பைபிள் மேல அடிச்சு சொன்னேனே, நம்புனியா? ஒரு சொட்டு குடிக்கல!" என்று கூவினார் கிறிஸ்துதாஸ். அவருக்கு உயிர் வந்துவிட்டது.

"குடிக்கல. குடிக்கத்தான போனீங்க? ஜெபக்கூட்டம்னு சொல்லிட்டு!"

உயிர் மறுபடி போய்விட்டது. ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். ஞானகுமாரி திரும்பிப் பால்ராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னிலேர்ந்து இவரு குடிக்கிற பக்கமே போவல, போனா ஆட்டோல அனுப்பிடுவாங்கன்னு பயம். நான் இத்தன வருஷம் சொல்லி நடக்காதது. துட்டுக்கு ஆசைப்படாம, வயசானவராச்சேன்னு ஊட்டுக்கு அனுப்பிவெச்ச புள்ளய நான் எங்க போய்த் தேடுவேன்? இவளுக்கு இவன்தான். எனக்குச் சம்மதம்."

எல்லாரும் கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள். அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"நா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தம்பி, இது எந்த ஊரு? சொல்லு பாக்கலாம்."

பால்ராஜ் மாட்டிக்கொண்டான். முழுசாகச் சொன்னால் இந்த ஊர்க்காரர் கோபித்துக்கொள்வார். அவர்கள் மாதிரி சொன்னால் அவன் வைத்த சட்டமே அவனைப் பிடித்துக்கொள்ளும். ஜெயசீலியைப் பார்த்தான். அவள் உதட்டை அசைத்துக் காட்டினாள்.

"தின்னனூர் மாமா" என்றான்.

"பாத்தியா ஞானம், ஊர் பேரே வரல! பொண்ணு கேக்க வர்ற எடத்துக்குக் குடிச்சிகினு வந்துகீறான்!" கிறிஸ்துதாஸ் குடையைத் தரையில் குத்தி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாசலுக்கு விந்தி விந்திப் போய்த் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "யாருப்பா அங்க? ஒரு ஆட்டோ கூப்டு! மாப்ளய பத்திரமா ஊட்ல எறக்கிட்டு, மோர் குடுக்கச் சொல்லணும்!"